பேய் விருந்துக்கு நம் வீட்டுப் பலகாரம்

“அத்தைப் பாட்டி, இந்த வருஷம் தீபாவளியும் பேய் நாளும் ஒரே நாள்ல வருது. நாங்க தோட்டத்துல பேய் விருந்து வைக்கலாமா?”

2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் அண்ணன் பேத்தி தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. அவள் சொன்னது உண்மைதான். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி, வியாழக்கிழமை வந்தது. மேல்நாட்டார் ஹாலோவீன் என்று கொண்டாடுவதும் ஆண்டுதோறும் அதே அக்டோபர் 31-ஆம் தேதியைத்தான். டவுன் பேரங்காடிகளில் ஒரு பக்கம் குத்துவிளக்கும் கோலமும், மறு பக்கம் பல்லை இளிக்கும் பிளாஸ்டிக் பூசணிக்காயுமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்த்த பிள்ளைக்கு ஆசை வராமல் என்ன செய்யும்?

அண்ணிக்கு இது அறவே பிடிக்கவில்லை. “நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள பேயைக் கூப்பிடுறதா? நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க, தங்கச்சி” என்று பேத்தியின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிப் பேசினார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்தத் திருநாளின் பிறப்பு வளர்ப்பைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். படித்த பிறகு அவ்வளவாகக் கோபம் வரவில்லை.

ஹாலோவீன் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் பழைய அறுவடைக் காலத் திருநாளிலிருந்து வளர்ந்தது. குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இறந்தவர்களின் ஆவி வீட்டைத் தேடி வரும் என்று அந்நாட்டு மக்கள் நம்பினார்கள். பின்னர் கிறிஸ்துவ சமயத்தில் நவம்பர் 1 புனிதர் அனைவரின் நாளாகவும், நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களின் நாளாகவும் ஆயின. இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று சின்னச் சின்ன ரொட்டிகளை வாங்கிக்கொண்டு, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வார்களாம். அயர்லாந்தில் கோசுக்கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அவர்கள் அமெரிக்காவில் குடியேறியபோது அங்கே பெரிய பூசணிக்காய் எளிதாகக் கிடைத்தது. கிழங்கை விட்டுப் பூசணிக்கு மாறினார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம் வீட்டுப் படையல்தான் நினைவுக்கு வந்தது. இந்நாட்டில் நம்மவர்களில் பலர் தீபாவளிக்கு முதல் நாள் மாலை, மறைந்துபோன பெரியவர்களுக்கு இலை போட்டு, அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் வைத்துக் கும்பிடுகிறோம் அல்லவா? கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் வெளியில் நிற்கிறோம், அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று. பேயென்று சொன்னால் நமக்கு அச்சம். பெரியவர்கள் என்று சொன்னால் பாசம்.

இன்னொரு செய்தியும் என் மனத்தில் நின்றது. அமெரிக்காவில் முற்காலத்தில் ஹாலோவீனுக்கு வீட்டில் செய்த பண்டங்கள், ஆப்பிள், கடலை இவற்றைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 1950-க்குப் பிறகு தாளில் சுற்றிய தொழிற்சாலை மிட்டாய் வந்து அவற்றையெல்லாம் தள்ளிவிட்டது. நம் தீபாவளியும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. பலகாரத்தைக் கடையில் பிளாஸ்டிக் டின்னில் வாங்கி வைத்துவிட்டு, பக்கத்தில் பெரிய போத்தல் இனிப்புத் தண்ணீரையும் வைத்தால் வேலை முடிந்தது என்றாகிவிட்டது.

பேத்தி கேட்ட விருந்துக்கு நான் சம்மதித்ததற்குக் காரணம் இதுவல்ல. காரணம் என் அண்ணன்.

அண்ணன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அவரும் குலை அறுக்கப் போனார். அவருக்கு இனிப்பு நீர் இருப்பது நாற்பத்திரண்டாம் வயதில் தெரிய வந்தது. விடியற்காலை பிரட்டுக்குப் போகுமுன் கெட்டிப் பாலும் சீனியும் கலந்த தேநீர், பத்து மணிக்கு இன்னொன்று, மாலையில் மற்றொன்று என்று குடித்துப் பழகிய உடம்பு. கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சீனியே என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. ஒரு நாள் செம்பனை முள் காலில் ஏறியது. உணர்ச்சி மரத்துப்போன கால், ஆகையால் அவருக்கே தெரியவில்லை. புண் ஆறவில்லை. 2018-இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 2021-இல் காலமானார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தீபாவளியிலும் அண்ணி அவர் இலையில் ஐந்து அதிரசம், ஒரு கை நெய்யுருண்டை, ஒரு டின் இனிப்புத் தண்ணீர் வைப்பார். “உசிரோட இருந்தப்ப ஒண்ணு கேட்டாக்கூடத் திட்டுனேன், தங்கச்சி. இப்பவாச்சும் வயிறாரச் சாப்பிடட்டும்” என்று அழுவார். கும்பிட்டு முடிந்ததும் அந்த அதிரசமும் உருண்டையும் பேரப்பிள்ளைகளின் கைக்குப் போகும். 2023-ஆம் ஆண்டுப் படையலில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் வயிற்றில் ஏதோ செய்தது. ஏனென்றால் அந்த மாதம்தான் அண்ணன் மகனுக்கும், முப்பத்தாறே வயதில், இனிப்பு நீர் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவன் பிள்ளைதான் எனக்குத் தொலைபேசியில் பேசியவள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியரிடையே பத்தில் மூவருக்கு. இதற்குச் சீனி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரை, உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு எல்லாம் சேர்ந்துதான் இந்நோயைக் கொண்டுவருகின்றன. ஆனால் பரம்பரையை மாற்ற நம்மால் இயலாது. அடுப்படியில் அளவுக் குவளை நம் கையில்தான் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு கணக்குச் சொன்னது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு உணவில் சேர்க்கும் சீனியைச் சுமார் 50 கிராமுக்குள் வைக்கவேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்பதே அது. 25 கிராம் என்பது ஏறக்குறைய 6 தேக்கரண்டி. பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு. இதை வைத்துக்கொண்டு என் அம்மா சொல்லிக்கொடுத்த நெய்யுருண்டையைக் கணக்குப் போட்டேன். அரைக் கிலோ பயற்றமாவு, அரைக் கிலோ சீனி, கால் கிலோ நெய். ஐம்பது உருண்டை வரும். ஒன்றுக்கு 10 கிராம் சீனி, அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்துவார்களா? இரண்டு தின்றால் ஐந்து தேக்கரண்டி ஆயிற்று. அதற்கு மேல் ஒரு குவளை சிவப்புச் சர்பத்து.

ஆகவே பேத்தியிடம் ஒரு நிபந்தனை போட்டேன். பேய் விருந்து வைக்கலாம். கடைப் பொருள் ஒன்றும் வரக்கூடாது. எல்லாவற்றையும் நாங்களே செய்வோம், அவளும் உடன் நின்று செய்யவேண்டும். “சரி பாட்டி, ஆனா பயமா இருக்கணும்” என்றாள்.

பயமாக இருக்கவேண்டும் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இடியாப்பம். மலாய்க்காரர்கள் புத்து மாயம் என்பார்களே, அதுதான். சிக்கலும் சடையுமாக விழும் இடியாப்பத்தைப் பேய் முடி என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? நிறத்திற்குச் சாயப்பொடி வேண்டாம். வேலி ஓரத்தில் படரும் சங்குப்பூ போதும். கிளந்தானில் நீலச் சோறு சமைக்க இந்தப் பூவைத்தான் பயன்படுத்துகிறார்கள். முப்பது பூவைப் பறித்து, அடியிலுள்ள பச்சைக் காம்பை நீக்கி, இரண்டு குவளைக் கொதிநீரில் போட்டு மூடி வைத்தால் கால் மணி நேரத்தில் நல்ல நீலமாக இறங்கிவிடும். வடிகட்டி, உப்புப் போட்டு, மறுபடியும் கொதிக்கவைத்து, அரைக் கிலோ வறுத்த அரிசி மாவில் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையவேண்டும். தண்ணீர் போதாவிட்டால் வெறும் கொதிநீரைச் சேர்த்துக்கொள்ளலாம். மாவு கையில் ஒட்டாமல், பிழியும்போது மல்லுக்கட்டாமல் இருந்தால் பதம் சரி. பாதி மாவை நீலமாகவும் பாதியை வெள்ளையாகவும் பிசைந்து, இரண்டையும் ஒரே உரலில் அடுத்தடுத்துப் போட்டுப் பிழிந்தோம். நரைத்த பேயாகிவிட்டது! இட்லித் தட்டில் ஏழெட்டு நிமிடம் வெந்தால் போதும். மேலே தேங்காய்ப் பூ. சீனி வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்தது பூசணி. ஹாலோவீன் என்றால் பூசணி இல்லாமல் ஆகாது. ஆனால் அதைக் குடைந்து விளக்கு வைத்துவிட்டுச் சதையைக் குப்பையில் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மஞ்சள் பூசணி நம் தோட்டத்துக் கொல்லைகளில் தானாக முளைத்துக் காய்க்கும் காய். கண்ணுக்கு நல்ல சத்து அதில் உண்டு. தோல் சீவிய சதை அரைக் கிலோவை ஆவியில் வேகவைத்து, நீரை நன்றாக வடித்து, கரண்டியால் மசிக்கவேண்டும். (தண்ணீரில் போட்டு வேகவைத்தால் களியாகிவிடும், மாவு இழுத்துக்கொண்டே போகும்.) சூடு இருக்கும்போதே ஒரு சிட்டிகை உப்பு, வறுத்த அரிசி மாவு கால் கிலோ, புலுட் அரிசி மாவு ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசைந்தால் அழகான மஞ்சள் மாவு கிடைக்கும். புலுட் மாவு சேர்க்காவிட்டால் வேகும்போது வெடிப்பு விடும்.

உள்ளே வைக்கும் பூரணத்துக்குப் பச்சைப் பயறு 200 கிராமை மலர வேகவைத்து, அரை மூடித் தேங்காய்த் துருவலும் 60 கிராம் குலா மலாக்காவும் சேர்த்துக் கிளறிக்கொள்ளவேண்டும். எலுமிச்சை அளவு மாவை எடுத்து, பூரணம் வைத்து மூடி, உருட்டி, மேலிருந்து கீழாகக் கத்தியின் பின்புறத்தால் ஆறேழு கோடுகள் அழுத்தினால் குட்டிப் பூசணிக்காய் தயார். காம்புக்குப் பாண்டான் இலையில் ஒரு துண்டு. பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். இந்த அளவில் முப்பது வரும். ஒவ்வொன்றிலும் குலா மலாக்கா இரண்டே கிராம். வந்த சுவைக்குப் பெரும்பங்கு பூசணியும் தேங்காயும்தான் காரணம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். “சீனிதான் கெடுதல், குலா மலாக்காவும் வெல்லமும் இனிப்பு நீருக்கு ஒன்றும் செய்யாது” என்று நம் பெண்கள் பலர் நம்புகிறார்கள். கோவிலில் பொங்கல் வாங்கும் இடத்தில்கூட இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தவறு. மணமும் சுவையும் வேறே தவிர, இரண்டும் பெரும்பாலும் சர்க்கரையேதான். இரத்தத்தில் ஏறுவதும் சர்க்கரையாகத்தான் ஏறும். குலா மலாக்காவின் நன்மை ஒன்றுதான். வாசனை அதிகம், ஆகையால் குறைவாகப் போட்டாலும் நாக்கு ஏமாறும்.

நெய்யுருண்டைக்கு வருவோம். அதை விட்டுவிட அண்ணி ஒப்பவில்லை. எனக்கும் மனமில்லை. எனவே அளவை மாற்றினோம். பயற்றமாவு அதே அரைக் கிலோ. சீனி 200 கிராம். கறுப்பு எள்ளும் நிலக்கடலையும் வறுத்துப் பொடித்தது 100 கிராம். நெய் 200 கிராம். கடலைப் பொடியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நெய் குறைந்தாலும் பிடிபடும். முன்பைவிடச் சற்றுச் சிறிதாக ஐம்பது பிடித்தோம். ஒன்றுக்கு 4 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி. எள்ளால் உருண்டை சாம்பல் நிறமாகிவிட்டது. அண்ணி முகத்தைச் சுளித்தார். பேத்தியோ துள்ளிக் குதித்து, “இது பேய்க் குண்டு!” என்று பெயர் வைத்துவிட்டாள். சில வேளைகளில் பெயர்தான் பாதிச் சமையல்.

கடலை வாங்கும்போது கண்ணால் பார்த்து வாங்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது, கசப்பது எதையும் வறுத்தாவது சேர்த்துவிடலாம் என்று எண்ணவேண்டாம். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் போகாது. 1988-ஆம் ஆண்டு அக்டோபரில், பேராக் மாநிலத்தில் திருவிழாக் காலத்தில் விற்ற ஒரு வகை மீயைத் தின்று 13 குழந்தைகள் இறந்தார்கள். அப்போது ஆய்வாளர்கள் சுட்டியவற்றுள் இந்தப் பூஞ்சண நஞ்சும் ஒன்று. நம் ஊர் ஈரக் காற்றில் மாவும் பருப்பும் சீக்கிரம் கெடும். முழுக் கடலையை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் ஆபத்து, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்து உருண்டையில் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வருமானால் எள் மட்டும் போட்டுத் தனியாகப் பிடித்து வைக்கலாம். எள்ளும் ஒவ்வாத பிள்ளைகள் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது.

முறுக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். எண்ணெய் இல்லாமல் வெதுப்பியில் சுடலாமே என்று டவுன் தோழி ஒருத்தி சொன்னாள். நானும் ஒரு தட்டுச் சுட்டுப் பார்த்தேன். பல்லுக்குத்தான் கேடு! முறுக்கு என்றால் எண்ணெயில்தான் பொரிக்கவேண்டும். அதில் நாம் செய்யக்கூடியது இரண்டு. முதலாவது, ஒரு சுற்று இரண்டு சுற்றோடு நிறுத்திச் சிறிதாகப் பிழிவது. இரண்டாவது, எண்ணெயைக் கவனிப்பது. எண்ணெய் காயாமல் மாவைப் போட்டால் முறுக்கு எண்ணெயைக் குடித்துவிடும். ஒரு துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்பவேண்டும், கருகக்கூடாது. வடை சுட்ட எண்ணெயில் முறுக்கு, முறுக்குச் சுட்ட எண்ணெயில் மறுநாள் மீன் என்று ஒரே எண்ணெயை ஒரு வாரம் ஓட்டுவது நம் வீடுகளில் பழகிப்போன சிக்கனம். எண்ணெய் கறுத்தால், நுரைத்தால், அடுப்பில் வைத்ததும் புகைந்தால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த எண்ணெயின் குணத்தை வேறு யார் வந்து சொல்லவேண்டும்?

உளுந்து வடை மாவைப் பணியாரச் சட்டியில் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டோம். வடை போலவே இல்லை. ஆனால் வேறொரு பண்டமாக நன்றாகத்தான் இருந்தது.

சுண்டல் செய்தது அண்ணிதான். அரைக் கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காயும் புளிப்பு மாங்காய்த் துருவலும் சேர்த்தார். இதைக் கிண்ணத்தில் வைத்தால் ஒரு பிள்ளையும் தொடாது என்று எனக்குத் தெரியும். வெள்ளைத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதில் கறுப்பு மையால் கண்ணும் வாயும் வரைந்து, வெள்ளைப் பேய்க்குள் சுண்டலைப் போட்டோம். நமக்கு இது புதிதன்று. கச்சாங் பூத்தே விற்ற நம்மவர்கள் தாள் கூம்பில்தான் கொடுப்பார்கள். ஈப்போவில் புந்தோங் பகுதியில் கச்சாங் பூத்தே கம்பம் என்றே ஒரு குடியிருப்பு உண்டு. அந்தக் காலத்தில் பழைய புத்தகத் தாளையும் பத்திரிகையையும் கிழித்துச் சுருட்டினார்கள். அச்சு மை உணவில் ஒட்டும், ஆகையால் நீங்கள் எழுதாத வெள்ளைத் தாளையே எடுங்கள். கண்ணை வெளிப்புறத்தில்தான் வரையவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தீபாவளி அன்று மாலை ஐந்து மணிக்கு லயத்து முன்னால், பழைய ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் பாய் விரித்தோம். எங்கள் தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் மொத்தம் பதினொன்றுதான். எங்கள் பிள்ளைகளும் டவுனிலிருந்து தீபாவளிக்கு வந்த பேரப்பிள்ளைகளுமாக இருபத்திரண்டு பேர். பக்கத்து லயத்து இந்தோனேசியப் பெண் ஒருவர் தம் இரண்டு பிள்ளைகளோடு ஒரு தட்டு அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காயும் கொண்டுவந்தார். ஜப்பான்காரன் காலத்தில் இதைத் தின்றுதான் உயிர் பிழைத்தோம் என்று என் அம்மா மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிள்ளைகளுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. “பேய் விரல்” என்று சொல்லித் தின்று தீர்த்தார்கள்.

எல்லாமே நினைத்தபடி நடந்துவிடவில்லை. பீசாங் மாஸ் பழத்தைத் தோலுரித்து, பாதியாக நறுக்கி நிறுத்தி, எள்ளால் கண் வைத்து வெள்ளைப் பேயாக்க நினைத்தோம். உரித்து வைத்த அரை மணியில் அத்தனையும் பழுப்பேறிப்போனது. எலுமிச்சைச் சாறு தடவியிருக்கவேண்டும், மறந்துவிட்டேன். லோங்கான் பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே ஒரு உலர்ந்த திராட்சை வைத்து ‘பேய்க் கண்’ செய்தது வெற்றி. இந்த இனத்துப் பழத்தை மலாய்க்காரர்கள் ‘பூனைக் கண்’ என்று அழைப்பதும் சும்மா அல்லவே. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அதை நான்காக நறுக்கிக் கொடுத்தோம்.

எல்லாவற்றையும் விடப் பிள்ளைகளை வாய் பிளக்க வைத்தது தண்ணீர்தான். மிச்சமிருந்த சங்குப்பூச் சாற்றில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து தேக்கரண்டி சீனி கலந்து குளிரவைத்திருந்தோம். குவளைக்கு ஒரு தேக்கரண்டி வீதம் வரும். நீலத் தண்ணீரைக் குவளையில் ஊற்றி, பிள்ளை கையிலேயே ஒரு துண்டு எலுமிச்சையைக் கொடுத்துப் பிழியச் சொன்னேன். புளிப்புப் பட்டதும் நீலம் ஊதாவாக மாறிவிட்டது. “மந்திரம்! மந்திரம்!” என்று ஒரே கூச்சல். மேசையில் யாரோ கொண்டுவந்து வைத்த பெரிய போத்தல் இனிப்புத் தண்ணீர் மூடி திறக்காமலே இருந்தது. எங்கள் அண்ணன் மகன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் வைத்துவிட்டு, நீலத் தண்ணீரில் அரைக் குவளை வாங்கிக் குடித்தான்.

ஒரு பிள்ளை ஒரு பூசணிக்குட்டி, ஒரு பேய்க்குண்டு, ஒரு முறுக்கு, ஒரு கூம்புச் சுண்டல், பேய் முடி, ஒரு குவளைத் தண்ணீர் என்று எல்லாம் சாப்பிட்டால் உள்ளே போகும் சீனி இரண்டரைத் தேக்கரண்டி. பழைய நெய்யுருண்டை ஒன்றில் இருந்த சீனி அது.

பொருளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: பூசணி, சங்குப்பூ, பாண்டான், கறிவேப்பிலை எல்லாம் கொல்லையில் கிடைத்தவை. நெய்தான் விலை. ஆள்பலம்தான் அதைவிடப் பெரிய விலை. தீபாவளி அன்று காலையில் இவ்வளவையும் தனி ஒருத்தியால் செய்ய முடியாது. உருண்டையையும் முறுக்கையும் நான்கு நாள் முன்னதாகவே செய்து டின்னில் அடைத்துவிட்டோம். பூரணம் முதல் நாள் இரவு. அன்றைக்குச் செய்தது இடியாப்பமும் பூசணியும் மட்டும். பூசணிக்குக் கோடு போடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டோம். சிலது பூசணியாக வந்தது, சிலது கத்தரிக்காயாக வந்தது. தான் செய்த கத்தரிக்காயைத் தேடி எடுத்துத்தான் ஒவ்வொருத்தனும் தின்றான்.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி வந்தது. ஹாலோவீனுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை. சங்குப்பூக் கொடியில் பூ குறைவாக இருந்ததால் பேய் முடி சற்று வெளுத்த நீலமாகத்தான் வந்தது. முதல் நாள் மாலை படையலுக்கு நான் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி டின்னைத் திறந்து சாம்பல் நிற உருண்டையில் இரண்டை எடுத்து அண்ணன் இலையில் வைத்தார். அதிரசம் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“அதிரசம் ஒண்ணே ஒண்ணுதான் சுட்டேன். அவருக்கு மட்டும். பிள்ளைங்க கேட்டா இல்லேன்னு சொல்லிடுங்க, தங்கச்சி.”